அழித்துவிட்ட வரி

3 ஜூலை, வியாழன்

இன்று பெட்டாலிங் ஜெயாவில் இன்டர்வியூ. பத்து நிமிடம் முன்பே போய்விட்டேன். லிஃப்ட் அருகில் என் கணவர் குகன் நிற்கிறார். வேலைக்குப் போகிறேன் என்று காலையில் கிளம்பிய மனிதர்.

"இந்த வெயில்ல எதுக்கு வாணி இவ்வளவு தூரம்? வா, வீட்டுக்குப் போலாம்." சிரித்துக்கொண்டே பையை வாங்கிக்கொண்டார். காரில் ஏறிய பிறகு சிரிப்பு இல்லை. கிள்ளானில் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் — எழுத வேண்டாம்.

போன மாதம் உர்சுலாவைப் பார்க்க பிரிக்பீல்ட்ஸ் சர்ச்சுக்குப் போனபோதும் இதேதான். வாசல்வரை போகவிடுவார். அங்கிருந்து திருப்பிக் கூட்டிவருவார்.

யார் சொன்னது? உர்சுலாவுக்கு மட்டும்தான் கம்ப்யூட்டரில் எழுதினேன். பள்ளியிலிருந்து கூடவே இருப்பவள். அவளா?

5 ஜூலை

செலாயாங்கிலிருந்து லோகன் அண்ணன் போன் செய்தார். குகன் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"மாப்பிள்ளை எவ்வளவு பாத்துக்கிறாரு! நீதான் லா சும்மா குழப்பிக்கிற."

சரிண்ணே என்றேன். வேறு என்ன சொல்ல?

8 ஜூலை

காலையில் உர்சுலாவுக்கு ஒரு வரி தட்டினேன்: 'இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது.' பயம் வந்துவிட்டது. அனுப்பாமல் அழித்தேன்.

சாயங்காலம் குகன் வந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டார். "காத்து வரட்டும். மூச்சு முட்டுதுல்ல?"

கையில் இருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தேன். அனுப்பவே இல்லையே. உர்சுலா, உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே.

9 ஜூலை

இந்த நோட்டில் எழுதியது ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஏன்?

11 ஜூலை, வெள்ளி

மறுபடி வேலைக்குப் போகலாம் என்று படித்துக்கொண்டிருக்கும் ப்ரோகிராமிங் பாடம். இன்று விசைப்பலகை. ஒரு விசையை அழுத்தினால் முதலில் வருவது எழுத்தல்ல, ஓர் எண். திரையில் எந்த விண்டோ முன்னால் இருக்கிறதோ அதற்குத்தான் அந்த எண் போகும். அங்கே எழுத்தாக மாறும். இதுவரை எனக்குத் தெரிந்ததுதான்.

பாடத்தின் கடைசியில் ஒரு குறிப்பு: திரை முழுவதற்கும் சேர்த்துக் கேட்டால், பின்னால் கிடக்கும் விண்டோவுக்கும் எல்லா விசைகளும் வந்து சேரும்.

என் ப்ரோகிராமில் நாலு வரி சேர்த்தேன். என் சிறிய விண்டோவை ஓரத்தில் தள்ளிவிட்டு, மெயிலில் என் பெயரைத் தட்டினேன். ஓரத்தில் ஒவ்வோர் எழுத்தாக வந்தது. மெயிலில் பெயரை அழித்தேன். ஓரத்தில் அழியவில்லை. அழித்ததும் ஒரு விசைதான் என்று அதையும் வரிசையில் சேர்த்துக் காட்டியது.

அப்படியானால் நான் அழித்த வரியும் இப்படித்தான் அவரிடம் போயிருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்களைப் பார்த்தேன். 'சுவாச்சா' என்று ஒன்று. வானிலையாம். இந்த வீட்டில் யார் வானிலை பார்க்கிறார்கள்? கம்ப்யூட்டரை வாங்கி எல்லாம் போட்டுக்கொடுத்தது அவர்தான்.

நிறுத்தக் கை போனது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் தெரிந்துவிடும்.

12 ஜூலை

நேற்று நான் தட்டிய பாடமும் அவரிடம் போயிருக்குமே! நாள் முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னார்: "என்னமோ பிராக்கெட்டும் புள்ளியுமா அடிச்சுக்கிட்டே இருக்க. அதெல்லாம் இனிமே உன் மண்டையில ஏறுமா?"

ஏறாதுங்க என்றேன்.

14 ஜூலை

'சாத்தே சாப்பிட ஆசை' என்று தட்டி அழித்தேன். குச்சியில் கோத்துச் சுட்ட கோழி, பத்து குச்சி வாங்கி வந்தார்.

16 ஜூலை, புதன்

காய்கறிக் கடை ஆன்டியிடம் போனைக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். உர்சுலா மறுமுனையில் அழுதுவிட்டாள். தன் வீடு வேண்டாம், குகனுக்கு அந்த இடம் தெரியும். வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் தன் சித்தி வீட்டுக்கு வா என்றாள்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அண்ணனுக்கு மெசேஜ் தட்டினேன்: 'வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இனி திரும்பப் போக மாட்டேன்.' முழுவதும் தட்டினேன். முழுவதும் அழித்தேன்.

18 ஜூலை, வெள்ளி

காலையில் அவர் வழக்கமில்லாமல் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "பத்திரமா இரு." கார் தெரு திரும்பியதும் பையை எடுத்தேன். கே.டி.எம். ரயிலில் உட்காரவே இல்லை, கதவருகே நின்றேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் முகங்களைப் பார்த்தேன். சென்ட்ரலில் உர்சுலா மட்டும்தான் நின்றாள்.

20 ஜூலை, ஞாயிறு

உர்சுலாவின் போனில் அண்ணன்.

"அன்னிக்கு ஒம்பது மணியிலிருந்து மாப்பிள்ளை என் வீட்டு எதிர்ல கார்ல உக்காந்திருந்தாரும்மா. போய்க் கேட்டா, வாணி இங்க வராளேங்கிறாரு. எனக்கே தெரியாது, உங்களுக்கு யாரு சொன்னதுன்னு கேட்டேன். உடனே காரை எடுத்துட்டுப் போயிட்டாரு. அவருக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

சொன்னேன். அவர் என்னை அடித்ததையும் சொன்னேன்.

"எத்தன நாளா?"

"மூணு வருஷம்ண்ணே."

"நாளைக்கு போலீஸ்ல ரிப்போர்ட் கொடுக்கப் போறீங்கன்னு உர்சுலா சொன்னுச்சு. நானும் வரட்டுமா?"

வாங்கண்ணே என்றேன்.

21 ஜூலை

அண்ணன் ஏழரைக்கே வந்துவிட்டார். ஜன்னலிலிருந்து மேலே கூப்பிட்டேன்.

"வேணாம்மா. நீ சாப்பிட்டு மெதுவா இறங்கி வா. நான் நிக்கிறேன்."