நேற்றைய பேப்பர்

என்னங்க,

உங்கள் சலூனைப் பெருக்கும்போது, சீப்பு வைக்கும் டிராயரில் ஓர் ஆங்கில அகராதி கிடைத்தது. ஆங்கிலப் பேப்பர் படிக்கும்போது நான் உங்களிடம் அர்த்தம் கேட்ட சொற்களுக்கெல்லாம் பென்சில் கோடு. பக்கங்களுக்கிடையே முடித் துணுக்குகள்.

"ஏன் எப்பவும் நேத்து பேப்பரையே கொண்டு வர்றீங்க?" என்று எத்தனை சண்டை போட்டிருப்பேன்.

"கஸ்டமர் படிக்க வேண்டாமா?" என்பீர்கள்.

முந்தின நாளே அகராதியைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் எனக்கு வாத்தியார் வேலை பார்த்தீர்களா? நல்ல ஆள்தான் நீங்கள். அந்தச் சொற்கள்தான் இன்று என்னைக் கிளினிக் வரவேற்பு மேசையில் வேலைக்கு உட்கார வைத்திருக்கின்றன.

பக்கவாதத்தால் குழறும் பேச்சு சரியாக, பேச்சுப் பயிற்சி தரும் அம்மா உங்களைத் தினமும் பேச வைக்கச் சொன்னார். நாளை ஆஸ்பத்திரிக்கு நானும் பழைய பேப்பரோடுதான் வருவேன். அர்த்தமெல்லாம் பார்த்து வைத்துவிட்டேன். நீங்கள் மெதுவாகவே கேளுங்கள்.

உங்கள் மாணவி