சோக் இழுக்காத காலை

23 டிசம்பர் 1977

இல்லை, பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது. எம்.ஏ. முடித்து வீட்டில் இருப்பவளுக்குக் காலையில் ஒரு வேலை வேண்டியிருந்தது. அப்பா ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஜீப்பை தினமும் நான் கிளப்புகிறேன். உழுத காடு, ஓடை மணல், எதிலும் போகும். கிளம்புவதுதான் பாடு. டிரைவர் கந்தப்பனின் முறை: சோக் குமிழை முழுக்க இழு, ஆக்சிலரேட்டரை மூன்று மிதி, பிறகு ஸ்டார்ட்டர். மார்கழிப் பனிக்கு அது சரிதான். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

"அம்முணி கைக்கும் கேக்குதுங்களே" என்றார் கந்தப்பன். அப்பாவிடம். என்னிடம் அல்ல.

31 ஜனவரி 1978

பனி விட்டுவிட்டது. சீட்டுக்கு அடியில் கிடந்த ஆங்கிலக் கையேட்டைப் படித்தேன். சோக் என்பது குளிரில் பெட்ரோலைக் கூட்டிவிடுவதற்கு; குளிர் இல்லாத நாளில் வேண்டாம். இழுத்தால் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்து வண்டி கிளம்பாது. இழுக்காமல் பார்த்தேன். ஒரே சுற்று. கந்தப்பனிடம் சொன்னேன்.

"அந்தப் பொஸ்தகம் எழுதுனவன் நம்ம எருமப்பட்டிக்கு வந்திருக்கானுங்களா?"

வந்திருக்க மாட்டான்.

4 பிப்ரவரி

நாமக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளி. பிரசவ விடுப்பில் போகும் ஆசிரியைக்குப் பதிலாக ஆங்கிலம் எடுக்க வேண்டும். 13ஆம் தேதி திங்கட்கிழமை சேரச் சொல்லிக் கடிதம்.

வெள்ளிக்கிழமை அப்பாவும் அம்மாவும் திருச்செங்கோட்டுப் பக்கம் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறார்கள். பேச்சு முடிந்துவிட்டால் கல்யாணம் வரை நான் படி தாண்டக் கூடாது. அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அப்பா கடிதத்தைப் படித்து, மடித்து, என்னிடமே கொடுத்தார்.

7 பிப்ரவரி

வெயில் ஏழு மணிக்கே வந்துவிடுகிறது. இனி சோக்குக்கு வேலையே இல்லை.

10 பிப்ரவரி, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

ஏழரை மணி. வளர்பிறை. பழத்தட்டு அம்மா மடியில். கந்தப்பன் சோக்கை முழுக்க இழுத்தார், மூன்று மிதி மிதித்தார். ஸ்டார்ட்டர் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி மூன்று மிதி. பெட்ரோல் வாசம் வாசல் வரை வந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "பொஸ்தகம் படிச்சியே, என்ன சாமி ஆச்சு?"

"தெரியலீங்கப்பா."

சொன்னது நான்தான்.

தடை பட்டால் உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவது எங்கள் வழக்கம். உட்கார்ந்தார்கள். சும்மா கால் மணி நேரம் விட்டிருந்தால் பிளக் காய்ந்திருக்கும். கந்தப்பன் விடவில்லை, சோக்கை இழுத்தபடியே மிதித்துக்கொண்டிருந்தார். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

மறுபடி ஏறி உட்கார்ந்து, மூன்றாம் முறையும் கிளம்பாதபோது அம்மா இறங்கிவிட்டாள். "மொதல் அடியே வெக்க உடமாட்டேங்குது. இந்த எடம் வேண்டாமுங்க."

மதியம் கந்தப்பன் தொட்டதும் கிளம்பியது. சாமி தடுத்துவிட்டது என்றார். அம்மா தலையாட்டினாள்.

சந்தோஷமா? இருக்கிறது. அதுதான் பிடிக்கவில்லை.

12 பிப்ரவரி

ராசியில்லாத வண்டியாம். விற்றுத் தள்ளிவிடப் போகிறார் அப்பா. வண்டி போனால் கந்தப்பனுக்கு இங்கே என்ன வேலை? மனுஷன் காலையிலிருந்து ஜீப்பைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். மூன்று முறை துடைத்துவிட்டார். என்னிடம் மட்டும் கேட்டார்: "நாந்தான் ஏதும் தப்புப் பண்ணிப் போட்டனுங்களா அம்முணி?"

உள்ளே வந்துவிட்டேன்.

எதைத் தப்பு என்பது? இழுத்ததையா, தெரியும் என்று சொல்லாததையா?

13 பிப்ரவரி, திங்கள்

ஆறு மணிக்கு அப்பாவையும் கந்தப்பனையும் ஜீப்புக்கு அருகில் வரச் சொன்னேன். சோக் உள்ளேயே இருந்தது. மிதிக்கவில்லை. ஒரே சுற்று. அணைத்துவிட்டுச் சொன்னேன்: வண்டிக்கு ராசிக் குறை இல்லை, பனி போனபின் சோக் இழுத்ததுதான்.

கந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா என்னையே பார்த்தார்.

"அப்ப வெள்ளிக்கெழம உனக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

அம்மா எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள். வண்டி கிளம்புதான்னு பாத்தோம் என்றார் அப்பா. பிறகு கந்தப்பனிடம், "பள்ளிக்கொடம் எத்தன மணிக்குன்னு கேட்டுக்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஓட்டினேன். கந்தப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, சோக் குமிழை ஊர் எல்லை வரை பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்பதேகாலுக்குப் பள்ளிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். எட்டாம் வகுப்புக்குப் போனேன்.