கையில் எடுத்தால்தான் கத்தும்

3 ஜூன், சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். நீயும் உன் அறையில் இருக்கும் ஏழு பேரும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் 'ம்' கொட்டுவதோடு சரி, எழுதினால்தான் உனக்கு வாய் முளைக்கிறது என்று போன மாதம் சொன்னாய். அதனால் இனி உனக்குக் கடிதம்தான். உன் பனியன் கம்பெனி விடுதியில் சிக்னல் கிடைக்காததும் ஒரு விதத்தில் எனக்கு வசதியாகப் போயிற்று.

அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் இனிமேல் கீழ்த்தளம் மட்டும் பெருக்கினால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். நான் என்ன வேலை செய்கிறேன் என்பதுதான் அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. போனில் போடுகிற ஆப்களைச் சோதித்துப் பார்க்கிறேன் என்றால், "போனுக்கு எதுக்குடி பரீட்சை?" என்கிறாள். ஆனால் தெரு முழுக்க, "என் சின்னவ போன் கம்பெனியில இருக்கா" என்று சொல்லிவைத்திருக்கிறாள். போன வாரம் மாடி வீட்டு அத்தை உடைந்த போன் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு ரிப்பேர் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கடையில் கொடுத்துச் சரிசெய்து, நான் செய்த மாதிரி திருப்பிக் கொடுத்தேன். இப்போது கீழ் வீட்டு மாமாவும் ஒன்றோடு காத்திருக்கிறார்.

ஆபீசில் எல்லோரும் பரபரப்பாக இருக்கிறார்கள். வேளைக்கு மாத்திரை போட ஞாபகப்படுத்தும் நம் ஆப் இருபத்திரண்டாம் தேதி ஊருக்கெல்லாம் போகிறது. இப்போதைக்கு உன் போனிலும் இன்னும் முப்பது பேர் போனிலும் மட்டும் சோதனைக்காக ஓடுகிறது. எங்கள் மேலாளர் எதற்கெடுத்தாலும் 'லான்ச், லான்ச்' என்பதால் ஆபீசில் அவருக்கு ராக்கெட் என்று பெயர். அவர் என்னைக் கூப்பிட்டு, இதே மாதிரி வந்து காணாமல் போன ஆப்கள் எல்லாம் ஏன் செத்தன என்று பார்த்துக் குறிப்பு எழுதச் சொன்னார். மூன்று நாட்களாக முன்பின் தெரியாதவர்களின் கோபத்தையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'அம்மாவுக்காகப் போட்டேன். என் பெயரைக் கேட்டது. பிறந்த தேதியைக் கேட்டது. போனில் இருக்கிற எல்லா நம்பரையும் கேட்டது. என்ன மாத்திரை என்று மட்டும் கேட்கவே இல்லை.' இன்னொருவர் போனில் இடமே இல்லையாம். ஆப்பை வைப்பதற்காகப் பேரன் படங்களை அழித்தாராம், கடைசியில் ஆப்பையே அழித்துவிட்டாராம். ஆப் செய்கிறவர்களிடம் புதுப் போன்கள் இருக்கின்றன, வாங்குகிறவர்களிடம் கீறல் விழுந்த பழைய போன்கள். வந்த வேலையை விட்டுவிட்டு நடையை எண்ணுவது, தண்ணீரை எண்ணுவது, காலை வணக்கம் சொல்வது என்று ஏற்றிக்கொண்டே போய்ச் செத்தவை நிறைய. ஆனால் அதிகமாகச் செத்தது ஒரே காரணத்தால்தான். யாரோ ஒருவர் முதலிலேயே குறை சொல்லியிருக்கிறார், அதை யாரும் காதில் வாங்கவில்லை. குறிப்பின் கடைசி வரியாக அதை எழுதினேன். ராக்கெட் அதற்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு, "சூப்பர்மா, இதை சுவத்துல ஒட்டணும்" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

என் மேசையில் ஆறு சோதனைப் போன்கள் வரிசையாக இருக்கின்றன, குளுக்கோஸ் ஏறும் நோயாளிகள் போல. ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ஜ் வயர். அவற்றில் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் சேர்ந்த அன்று எனக்குச் சொன்ன முதல் வேலை. இன்றுவரை ஒன்றைக்கூடத் தொண்ணூறுக்குக் கீழே விட்டதில்லை. வேளை தவறாமல் ஆறும் ஒலிக்கின்றன. நானும் 'சரி' என்று குறித்துக்கொண்டே வருகிறேன்.

போன ஞாயிறு மெயின் ரோட்டிலிருந்து கூப்பிட்டபோது நீ சொன்னதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். "உன் ஆப்பும் உன்னை மாதிரியே கூச்சம் புடிச்சது. கட்டில்ல கெடந்தா கம்முனு கெடக்கு, கையில எடுத்தாதான் கத்துது" என்றாயே. பக்கத்து மேசைப் பையனிடம்கூடச் சொன்னேன். அந்த ஆப்பை எழுதியவன் அவன்தான். காதிலிருந்து எதையும் கழற்றாததால் அவனுக்கு ஹெட்போன் என்று பெயர். அவனே கழற்றிவிட்டுச் சிரித்தான்.

மருந்துக் கட்டு வந்து சேர்ந்ததா? வீட்டில் இருந்த பழைய மிச்சத்தையும் புதியதையும் சேர்த்து நானே எண்ணிக் கட்டினேன். இருபத்திரண்டாம் தேதியை நினைத்தால் பயமாக இருக்கிறது. எனக்காக ஒரு நிமிடம் நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் ஊமைக்கோட்டான்


20 ஜூன், செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

தபால் நிலையத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும். நீ நலமாக இருக்கிறாய் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த ஆப்பை நம்பாதே. இந்தப் பொட்டலத்தில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. காலை ஐந்தரைக்கும் இரவு எட்டுக்கும் அலாரம் வைத்துவிட்டேன். தலைமாட்டில் வைத்துக்கொள். பேட்டரி போட்டிருக்கிறேன். இது கூச்சப்படாது.

இனி நடந்ததைக் கேள். வெள்ளிக்கிழமை மாலை எலக்ட்ரீஷியன் வந்து, என் மேசைக்குப் பின்னால் இருந்த பிளக் பாயிண்ட் கருகியிருக்கிறது என்று கழற்றிவிட்டு, திங்கட்கிழமை புதிது போடுகிறேன் என்று போய்விட்டார். ஆறு போன்களும் வயர் இல்லாமல் இரண்டரை நாள் அப்படியே கிடந்தன. நேற்று காலை எனக்கு முன்னால் யாரும் வரவில்லை. மேசையைத் துடைக்கலாம் என்று முதல் போனைக் கையில் எடுத்தேன். கத்தியது. தூக்கிவாரிப்போட்டது. திரையில் பார்த்தால், 'சனிக்கிழமை, காலை மாத்திரை.' இரண்டாவதை எடுத்தேன், அதுவும் கத்தியது. ஆறில் நான்கு அப்படி. இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, தொட்டவுடன் ஒவ்வொன்றாக அலறின. காலி அறையில் நான் மட்டும் அவற்றுக்கு நடுவில் நின்றேன்.

போன் சார்ஜில் இல்லாமல், யாரும் தொடாமல், அசையாமல் கிடந்தால், பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆப்களைத் தூங்க வைத்துவிடுமாம். போனின் சொந்தக் கடிகாரத்துக்கு மட்டும் எழுந்திருக்கும். எங்கள் ஆப்பை அந்தக் கடிகாரத்தோடு கோர்க்காமல் விட்டிருக்கிறோம். யாராவது கையில் எடுக்கும்போதுதான் அதற்கு விழிப்பு வரும். எங்கள் மேசையில் அது தூங்கவே இல்லை. ஏன் தெரியுமா? நான்தான் ஒரு நிமிடம்கூட வயரை எடுக்கவிடவில்லையே. சரி, சரி என்று நானூறு தடவைக்கு மேல் குறித்திருக்கிறேன்.

அப்போதுதான் நீ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. கட்டிலில் கிடந்தால் கம்மென்று கிடக்கிறது, கையில் எடுத்தால்தான் கத்துகிறது. அக்கா, அது வேடிக்கை இல்லையே. நீ முறையாகக் குறை சொல்லியிருக்கிறாய். நான் சிரித்தேன். எழுதியவனையும் சிரிக்க வைத்தேன். அந்த வாரம்தான் சுவரில் ஒட்டச் சொன்ன வரியை எழுதினேன்.

அதிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான் மனதில் ஓடுகிறது. உன் அறையில் எட்டுப் பேருக்கு ஒரே பிளக். நீ மாலையில் சார்ஜ் போட்டுவிட்டு இரவில் போனைத் தலைமாட்டில் வைப்பாய். காலையில் அது கத்தாது. ஆறு மணி ஷிப்டுக்கு அவசரமாக ஓடுவாய், போனைத் தொடாமல் தலைமாட்டிலேயே விட்டுவிட்டு. மாலையில் வந்து எடுக்கும்போது கத்தும். அப்போது என்ன செய்தாய்? காலை மாத்திரையைப் போட்டாயா? இரவு மாத்திரைதானே என்று நினைத்தாயா? எத்தனை நாள் இப்படி? என் ஆப்பைக் குறை சொன்னால் என் முகம் வாடிவிடும் என்றுதான் அதை வேடிக்கையாகச் சொன்னாயா? உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடவில்லை. மெயின் ரோடு வரை நடக்க அலுப்பாக இருந்திருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் விளக்கு வைக்கும் நேரம் வரை போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. உன்னை அனுப்பவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவளிடம் பேசியது நான். "நீ மாத்திரையும் டம்ளருமா வாசல்ல நிக்குற மாதிரியே இது நிக்கும்மா" என்று போனைக் காட்டிச் சொன்னேன். வலிப்பு என்ற சொல்லைக்கூட வீட்டில் சொல்லவிடாதவள், ஒரு டிகிரி படித்த பெண் சொல்கிறாளே என்று நம்பி உன் பெட்டியைக் கட்டினாள்.

நேற்று உன் விடுதி அலுவலகத்துக்கு மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை ஒரு அம்மா எடுத்து, "எல்லாரும் ஷிப்ட்ல இருக்காங்க. என்ன விஷயம்னு சொல்லு, எழுதி வெக்கிறேன்" என்றார். அவள் காலை மாத்திரை போட்டாளா என்று கேளுங்கள் என்ற ஒரு வரி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால், வலிப்பு என்று தெரிந்து உன் வேலை அன்றோடு போய்விடும். என் அக்கா நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் கேட்டேன். "இருநூறு பேர்ல யாரைன்னு போய்ப் பாக்குறது? ஏதாவது ஆயிருந்தா எங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை. நீ நிற்பது துணி வெட்டும் மேசையில். அந்தக் கத்தி எவ்வளவு வேகமாக ஓடும் என்று நீயே ஒரு தடவை கையை ஆட்டிக் காட்டியிருக்கிறாய். இரவு அந்தக் கைதான் கண்ணை மூடினால் வந்தது.

இன்று காலை கூட்டம். வழக்கம்போல ராக்கெட், "எல்லாம் ஓகேதானே?" என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டுகிற நேரம் அது. நான் இல்லை என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்று மறுபடியும் சொன்னேன். எழுந்த வேகத்தில் நாற்காலி சத்தம் போட்டது, அதற்குத்தான் எல்லோரும் திரும்பினார்கள். நான்கு போன்களையும் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். ராக்கெட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அடுத்த அப்டேட்ல பாத்துக்கலாம்மா. இப்போதைக்கு உதவிப் பக்கத்துல ஒரு குறிப்பு போட்டுடலாம்" என்றார். அதை யார் சார் படிப்பார்கள் என்று கேட்டேன். நானா கேட்டேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அவர் கோபப்படவில்லை. "சரி, இது எத்தனை பேருக்கு ஆகியிருக்கு? நம்பர் இருக்கா?" என்றார். ஒருத்தருக்கு ஆகியிருக்கிறது, தெரியும் என்றேன். யார் என்றார். எங்க அக்கா சார் என்றேன். ஹெட்போன் எழுந்து, "தப்பு என்னோடது சார். இவ முன்னாடியே சொன்னா, நான்தான் சிரிச்சேன்" என்றான்.

லான்சை இரண்டு வாரம் தள்ளிவைத்துவிட்டார்கள். மற்ற முப்பது பேருக்கும் ஆளுக்கொரு போன் போட்டுச் சொல்கிறார்கள். திருத்திய ஆப் நாளையே தயாராகிவிடும், ஆனால் சிக்னல் இல்லாத உன் கட்டிலுக்கு அது வராது. முப்பத்தோரு பேரில் எட்டாத ஒருத்தி நீதான்.

அதனால் இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உன்னிடம் இரண்டு கேட்கிறேன், மறுக்காதே. ஒன்று, பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் மட்டுமாவது உண்மையைச் சொல். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று சொல்லிவை. உனக்கு வெட்கமாக இருக்கும். இத்தனை பேர் முன்னால் நானே எழுந்து நின்றுவிட்டேன், ஒரு பெண்ணிடம் உன்னால் சொல்ல முடியாதா?

இரண்டாவது, இதைப் படித்ததும் மருந்துக் கட்டைப் பிரித்து, எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று எண்ணு. உள்ளே முகவரி எழுதிய கார்டு இருக்கிறது. அதில் அந்த எண்ணை மட்டும் எழுதி அன்றைக்கே போட்டுவிடு. வேறு எதுவும் எழுத வேண்டாம். அன்றைக்கு எத்தனை இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லமாட்டேன். சொன்னால், நான் பயப்படக் கூடாது என்று நீ அதையே எழுதிவிடுவாய்.

வெள்ளிக்கிழமைக்குள் கார்டு வராவிட்டால் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் அங்கே வருவேன். வாசல் காவலாளியிடம் நானே பேசுவேன்.

எண் தப்பாக இருந்தாலும் திட்டமாட்டேன் அக்கா. எந்த எண்ணாக இருந்தாலும் சரி. அது உன் கையெழுத்தில் வந்தால் போதும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ஊமைக்கோட்டான்