பூசை முடிந்ததும் ஓடாத கார்

சட்டன், லண்டன்
05.10.2009

அன்பு மகள் கீர்த்திகாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நான் சுகம், அம்மா சுகம், குகதாசன் மாமா முதுகு நோகுது என்று சொல்லிக்கொண்டே சுகம். கார் மட்டும் சுகமில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா எனக்கு அறிவிக்கிறார். அவரோடு நீ போனில் முக்கால் மணித்தியாலம் கதைக்கிறாய், பிறகு போன் என் கைக்கு வருகிறது, சாப்பிட்டீங்களா அப்பா என்கிறாய், ஓம் என்கிறேன், வைத்துவிடுகிறாய். ஆறு வருசமாக நான் உனக்குச் சொன்ன செய்தியெல்லாம் சாப்பிட்டுவிட்டேன் என்பதுதான். அந்த முக்கால் மணித்தியாலத்தில் நீங்கள் இருவரும் என்ன கதைக்கிறீர்கள் என்று நான் முன்பு யோசித்ததே இல்லை, கறிக்கு உப்புப் புளி பற்றித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க எனக்கு நித்திரை குறைகிறது, பசி கூடுகிறது.

போன கிழமை அம்மா வந்து, பிள்ளை எங்கட ரேஸ் கதையை முதலில இருந்து எழுதி அனுப்பட்டாம், அவளின்ர ஒபிஸ் சஞ்சிகையில போடப்போகினமாம் என்றார். எனக்கு அங்கேயே மூக்கு வேர்த்தது. உன் ஒபிஸ் ஓக்லண்ட் நகரத்துக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கிற ஒபிஸ். அந்தச் சஞ்சிகையில் குழாய் வெடித்த படத்துக்குப் பக்கத்தில் சட்டனில் கராச் வைத்திருக்கிற ஒரு மொட்டந்தலையனின் கார் ஓட்டக் கதை எதற்கு? சரி, கேட்டாய், எழுதுகிறேன். ஆனால் எழுதுகிறவன் நான் என்பதால் முடிவில் உன்னையும் கூண்டில் ஏற்றித்தான் விடுவேன், பொறுமையாக வாசி.

நான் ஜெர்மனியில் ஸ்ருட்கார்ட்டில் இருந்து நட்டுக் கழற்றுகிற ஒரு சாவிப் பெட்டியோடும் அம்மாவோடும் மூன்று வயது உன்னோடும் இங்கே வந்தது எண்பத்தேழில். சட்டனில் இந்தச் சந்துக்குள் கராச் திறந்து வாடகைக்கு ஓடுகிற மினிகாப்காரரின் இடிபட்ட கதவுகளை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்றில், வான் திருத்த வருகிற டெரி என்ற வெள்ளைக்காரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனான். மற்ற நாட்களில் நாய்கள் ஓடுகிற மைதானம் அது. உள்ளே முப்பது கார் வட்டமாகச் சுற்றுகிறது, ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது, பொலிஸ் வரவில்லை, சனம் கைதட்டுகிறது. இதற்குப் பெயர் ஸ்ரொக் கார் ரேஸ், இடிப்பது சட்டப்படி சரி என்றான். கிழமை முழுக்க இடிபட்டவர்களின் புலம்பலைக் கேட்கிற எனக்கு அது கைலாயம் மாதிரி இருந்தது. அடுத்த வருசமே ஓய்வுபெற்ற மினிகாப் ஒன்றின் கண்ணாடி இருக்கையெல்லாம் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயால் கூடு ஒட்டி, நானும் மாமாவும் ஒரு கார் செய்தோம். அங்கே விதி என்னவென்றால் புதியவனின் கார்க் கூரைக்கு வெள்ளை அடித்து முன் வரிசையில் விடுவார்கள், வெல்ல வெல்லக் கூரையின் நிறம் மாறும், கெட்டிக்காரன் கடைசி வரிசையில் நின்றுதான் புறப்பட வேண்டும். பதினேழு வருசமாக எனக்குப் பெரும்பாலும் முன் வரிசைதான், நல்ல காற்றோட்டம்.

முதல் ரேஸில் இரண்டாவது சுற்றில் ஒருவன் பின்னால் வந்து இடித்தான். நான் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் அவனிடம் பெயரும் காப்புறுதி விபரமும் கேட்டேன். கராச்காரனின் கை அதுவாகவே பேனையைத் தேடுகிறது, நான் என்ன செய்ய. சிவப்புக் கொடி காட்டி முழு ரேஸையும் நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் கதைக்கிறவர் அன்றைக்கு வைத்த மிஸ்டர் இன்சூரன்ஸ் என்ற பட்டம் இன்றைக்கும் நிற்கிறது. மொத்தம் இரண்டு தடவை வென்றிருக்கிறேன், அதில் ஒன்று மற்ற எல்லோரும் ஒரே மூலையில் குவிந்து கிடந்த நாள். இதை உன் குழாய்ச் சஞ்சிகையில் போடத் தேவையில்லை.

அம்மாதான் வானில் காரை இழுத்துக்கொண்டு வருவார், நான் இழுத்தால் பின்னுக்கு எடுக்கத் தெரியாது. ஓடப்போகுமுன் பொனற்றைத் திறந்து என்ஜினுக்கு அம்மாவின் கையால் ஒரு பூசை. ஈலிங் அம்மன் கோயில் திருநீறு, நாலு ரயருக்கும் நாலு தேசிக்காய். முதல் வருசம் என்ஜினுக்குக் கற்பூரம் காட்டப்போய், பெற்றோல் மணக்கிற இடத்தில் நெருப்பைக் கண்ட பாதுகாப்பு அதிகாரி நுரை அடிக்கிற சிலிண்டரோடு ஓடிவந்து அம்மாவையும் அம்மனையும் சேர்த்து வெள்ளையாக்கினார். அன்றிலிருந்து பற்றரி ரோச் லைற்றால்தான் தீபாராதனை. நானும் மாமாவும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்போம், டெரியும் தொப்பியைக் கழற்றி நிற்பான். இதை நீயும் பதினொரு வருசம் பார்த்தவள். பார்த்தவள் என்பதால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்று உனக்கு விளங்கும்.

இரண்டாயிரத்து மூன்றில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறந்த மாதிரி நடிக்கத்தான் செய்தேன். பத்தொன்பது வயதில் நீ காரைக் கேட்டாய். ரயருக்குக் காற்று எவ்வளவு, எந்த மூலையில் எவ்வளவு வேகம் என்று உனக்கு என்னைவிடத் தெரியும். பொம்பிளைப் பிள்ளைக்கு இது சரிவராது என்று சொல்லிவிட்டு, என் அண்ணையின் மகன் கிருஷாந்துக்குத் திறப்பைக் கொடுத்தேன். அவன் மூன்று கிழமையில் காரை நாலாக மடித்துத் தந்துவிட்டு இப்போது காப்புறுதி விற்கிறான், போன மாதம் எனக்கே ஒன்று விற்கப் பார்த்தான். நீ படிக்கப் போகிறேன் என்று நியூசிலாந்துக்குப் போனாய். லண்டனில் இல்லாத எந்தப் படிப்பு அங்கே இருக்கிறது என்று அப்போது நான் கேட்கவில்லை.

இனி இந்த வருசம். சித்திரை வைகாசியில் நாங்கள் காரை வெளியில் எடுக்கவில்லை, கராச்சும் பாதி நாள் பூட்டித்தான் கிடந்தது, ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லி எல்லோரும் இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம். அதைப்பற்றி நீயும் கேட்கவில்லை, எனக்கும் எழுத வரவில்லை. ஆடியில் மாமாதான், அத்தான் சும்மா இருந்தா விசர் பிடிக்கும், வாங்கோ ஓடுவம் என்றார். போனோம். பூசை முடிந்தது, சுவிச்சைப் போட்டேன், கார் ஸ்ராட் வரவில்லை. தேடிப் பார்த்து, டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலுகிற அந்தச் சின்னக் கறுப்பு ரோட்டரைக் காணவில்லை என்று கண்டுபிடிக்க ரேஸ் முடிந்துவிட்டது. அது இல்லாமல் பெற்றோலைப் பற்றவைக்கப் பொறி வராது, உனக்குத் தெரியும், சஞ்சிகைக்காரருக்குத் தெரியாது. மாமா போட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அத்தான் நான் போட்டனான், அம்மாளாணை போட்டனான் என்று அவர் அழுகிற நிலைக்கு வந்தார். ஆவணியில் புது ரோட்டர், கூடவே பெட்டிக்குள் இன்னொன்று. பூசை முடிந்தது, கார் அசையவில்லை, பெட்டிக்குள் இருந்ததும் இல்லை. டெரி ஓடிவந்து என்னட்ட ஒன்று இருக்கு, தரவா என்றான். களவெடுத்தவன்தான் இவ்வளவு விரைவாக ஓடிவருவான் என்று நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன், அதனால் அன்றைக்கும் ஓடவில்லை. என் மூளைக்கு எத்தனை புள்ளி போடலாம் என்று நீயே பார்.

பிறகு ஒரு மாதம் நான் துப்பறிந்தேன். மாமாவைப் பின்தொடர்ந்து மீன் கடை வரைக்கும் போனேன், அவர் திரும்பிப் பார்த்து அத்தானுக்கும் பாரை வேணுமோ என்றார். டெரியின் வானுக்குள் எட்டிப் பார்க்கப்போய் அவன் நாயிடம் கடி வாங்கினேன். புரட்டாதி ரேஸ் அன்று பூசை நேரம் எல்லோரும் கண்ணை மூடினோம். பதினேழு வருசத்தில் முதல் தடவையாக நான் ஒரு கண்ணைத் திறந்தேன். அம்மா வலது கையால் ரோச் லைற்றை மூன்று தரம் சுற்றுகிறார், இடது கை மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டிவிடுகிறது, ரோட்டர் வெளியில் வருகிறது, திருநீற்றுப் பைக்குள் போகிறது, மூடி திரும்ப ஏறுகிறது. பதினைந்து செக்கன் இருக்கும். மாமாவுக்கு அந்த வேலைக்குத் தேத்தண்ணியோடு அரை மணித்தியாலம். வாய் முணுமுணுத்தபடி இருந்தது, தேவாரம் என்று நினைத்தேன். நான் கண்ணைத் திரும்ப மூடிக்கொண்டேன். திறந்து வைத்திருந்தால் அவர் என்னைப் பார்த்திருப்பார், பிறகு இருவருக்கும் எங்கே முகத்தை வைப்பது.

வீட்டுக்கு வந்து தேடினேன். அரிசி வாளிக்குள் துணியில் சுற்றி எல்லா ரோட்டரும் இருந்தன. கூட ஒரு துண்டுக் கடதாசி, அம்மாவின் கையெழுத்து. இடது கிளிப், வலது கிளிப், மூடியைத் தூக்கு, கறுப்புத் துண்டை நேரே இழு, திருப்பாதே, மூடியைத் திரும்பப் போடு, துண்டில் ஈரம் படாமல் வை. முணுமுணுத்த தேவாரம் இதுதான். அம்மாவுக்கு ரோட்டரும் தெரியாது ரேடியேற்றரும் தெரியாது. நேரே இழு திருப்பாதே என்பது நான் உனக்குப் பன்னிரண்டு வயதில் சொல்லிக் கொடுத்த சொல், வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை. காரை நிறுத்த நினைக்கிறவர்கள் அதைக் குப்பையில் எறியச் சொல்வார்கள். ஈரம் படாமல் வை என்று சொல்ல அந்தக் காரில் ஆசை உள்ள ஒருவர் வேண்டும். ஆகவே பிள்ளை, பன்னிரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து என் காரை மூன்று தரம் நிறுத்தியது நீ.

ஏன் என்றும் தெரியும். ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்த கண் மருந்தை அம்மா கண்டுவிட்டார். என்ன இது என்று என்னைக் கேட்காமல் சனிக்கிழமை போனில் உனக்குச் சொல்லியிருக்கிறார், அந்த அமைதியை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வலது கண்ணின் ஓரப் பார்வை போய்விட்டது, திரும்பி வராது என்று டொக்டர் சொல்லி ஒரு வருசமாகிறது. ரேஸ் படிவத்தில் பார்வை நல்லது என்று எழுதிக் கொடுத்தேன். எல்லோரையும் சந்தேகப்பட்டுத் திரிந்தவன் எழுதிய பொய் அது. எங்கள் வட்டம் இடப்பக்கம் திரும்புகிறது, முந்துகிறவன் பெரும்பாலும் வலப்பக்கத்தால் வருவான், இடித்த பிறகுதான் எனக்கு அவன் அறிமுகம். போன ஐப்பசியில் ஒரு தச்சுவேலைக்காரனின் கார் என்னில் பட்டுப் புரண்டது, தோள் எலும்பு முறிந்து நாலு மாதம் வேலைக்குப் போகவில்லை. ரேஸ் என்றால் அப்படித்தான் என்று அவனே என் முதுகில் தட்டினான். நான் அவனைக் காணவே இல்லை என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

ஆனால் விசாரணை முடியவில்லை. மார்ச்சில் உன் பிறந்தநாளுக்கு அனுப்பிய படத்தை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், மிச்சமிருக்கிற பார்வைக்கு ஒரு வேலை. கேக் வெட்டுகிற கையின் பெருவிரலிலும் கட்டு, மற்றக் கையின் பெருவிரலிலும் கட்டு. கதவு நசிச்சுப்போட்டுதாம் என்று அம்மா சொன்னார். இரண்டு பெருவிரலையும் ஒரே நேரத்தில் நசிக்கிற கதவை நான் முப்பது வருசக் கராச் வாழ்க்கையில் கண்டதில்லை. முன் சில்லு சுவரில் அடிபட ஸ்ரியரிங் சுழன்று பெருவிரலில் அடித்தால் மட்டும்தான் அந்தக் காயம் வரும், எனக்கும் வந்திருக்கிறது. அங்கே கோடையில் இந்த ரேஸ் பெரிதாக நடக்கிறதாம், டெரி சொன்னான். புது ஓட்டுநரின் குடும்பக் கதையை நிகழ்ச்சிப் புத்தகத்தில் போடுவார்களாம். நீ கேட்ட கதை போகிற இடம் அதுதான், குழாய் ஒபிஸ் சஞ்சிகை அல்ல. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரிந்தால் அவர் ஓக்லண்டுக்கும் திருநீற்றுப் பையோடு வந்துவிடுவார், நீ பாவம்.

இருபத்தைந்தாம் திகதி ஞாயிறு இந்த வருசத்தின் கடைசி ரேஸ். இன்னொரு புது ரோட்டர் வாங்கி என் காற்சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாது. பூசை முடிந்த பிறகு நானே போட்டால் கார் ஓடும். ஓடக்கூடாது என்று எனக்கே தெரியும், ஆனால் இரண்டு பெண்கள் எனக்குத் தெரியாமல் முடிவெடுத்து நான் நிற்கிறேன் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ திறப்பைக் கேட்டபோது நானும் உன்னைக் கேளாமல்தான் முடிவெடுத்தேன், அதற்குக் கிருஷாந்தைக் குற்றம் சொல்லி ஆறு வருசம் ஓட்டினேன். பிழை என்னுடையது. வாயால் சொல்ல எனக்கு இன்னும் வராது, கடதாசி என்றபடியால் வந்தது.

இனி அம்மா மூலம் ஒன்றும் வேண்டாம். இந்தக் கடிதம் ஒரு கிழமையில் வரும். அடுத்த சனிக்கிழமை முதலில் என்னைக் கூப்பிடு. சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல், அப்பா ஓடாதேங்கோ என்று உன் வாயால் ஒருதரம் சொல். அன்றைக்கே ரேஸ் உரிமத்தைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுகிறேன், கண் விசயத்தையும் எழுதி. பெருவிரலை ஸ்ரியரிங் வளையத்துக்கு வெளியே வைத்துப் பழகு, கழுத்துப் பட்டி இல்லாமல் ஏறாதே, முன்னால் போகிறவனை ஒருநாளும் நம்பாதே. ஈலிங் அம்மன் உனக்கு எப்போதும் துணையிருக்கட்டும், நல்லாயிரு.

போனை வைக்குமுன் உன் காரின் இலக்கத்தையும், எந்த வரிசையில் உன்னை நிறுத்துகிறார்கள் என்பதையும் எனக்குச் சொல். மாமாவுக்குச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்
அப்பா
சி. ஞானேஸ்வரன்