முருகர் படம் போட்டதற்கு

ஆடிக் கிருத்திகை, இரவு.

கணக்கு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். தினமும் போல விடியற்காலையில் முருகர் படம் போட்டு வணக்கம் சொன்னேன், அவ்வளவுதான். பாடத்தைத் தவிர எதுவும் போடக்கூடாதாம். சாமி படமும் அதில் சேர்த்தியா?

"கிளாஸ்ல போய் பஜனை பண்ணா வெளியதான் அனுப்புவாங்க," என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

என் ட்யூஷன் பிள்ளைகளுக்குப் பின்னம் ஏறவில்லை. எப்படிச் சொல்லித்தருவது என்று நேற்றுதான் அங்கே கேட்டிருந்தேன். குழுவில் பழக்கமான ஆவடி டீச்சர் சாயங்காலம் போன் செய்தாள்.

"அக்கா, உங்க கேள்விக்கு எல்லாரும் பதில் போட்டுனு இருக்காங்க. உங்களைத்தான் காணோம்?"

நீக்கிவிட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. "நெட் இல்லம்மா," என்றேன். விரத நாளில் பொய். இனி அந்தப் பதில்களை அனுப்பச் சொல்லி எந்த வாயால் கேட்பேன்?