ஒல்லி ட்யூப் லைட்டும் காலர் பச்சையும்

10 ஜூலை 2006, திங்கள்
பேய்க்காற்று. முதலிபாளையம் போய்ச் சேருவதற்குள் முந்தானை மூன்று முறை சைக்கிள் சக்கரத்தில்.

கம்பெனியில் ஏச்சு. செக்கிங்கில் நான் பாஸ் போட்ட பனியன்களை வண்டியில் ஏற்ற வாசலுக்குக் கொண்டுபோனால், உடம்பு பச்சை, காலர் செம்மண் கலந்த பச்சை. என் மேசையில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. சத்தியம். மேனேஜர் திட்டும்போதும் 'ங்க' விடமாட்டார். "கண்ணு தெரியலீன்னா சொல்லீருங்க அம்மிணி." வெள்ளிக்கிழமை கண் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வரணுமாம். நிறம் தெரியவில்லை என்று அவர் எழுதிவிட்டால் வேலை போச்சு. ஏழு வருடம் சோறு போட்ட கண். பயமாக இருக்கிறது.

வாங்க: தே.எண்ணெய், ஊக்கு.

11 செவ்வாய்
வெயில், நடுநடுவே மேகம். சைக்கிள் பின்னால் மின்னுவதற்குக் கட்டிய பழைய சி.டி.யில் வெயில் பட்டுச் சுவரில் வானவில். சிவப்பு முதல் ஊதா வரை ஒன்று விடாமல் தெரிந்தது. அப்புறம் என் கண்ணுக்கு என்ன கேடு?

கழற்றிப் பையில் போட்டேன். கூட அறையில் இருக்கும் சகாயம் கேட்கிறாள்: "ஏட்டி, சி.டி.ய வச்சு சோசியம் பாக்கப் போறியா?"

12 புதன்
சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் மேசையில் சி.டி.யைச் சாய்த்துப் பார்த்தேன். மேலே, போன மாதம் புதிதாக மாட்டிய ஒல்லி ட்யூப் லைட். முழு வானவில் இல்லை. பச்சை ஒரு கோடு, சிவப்பு ஒன்று, ஊதா ஒன்று. நடுவே இருட்டு, பல் விழுந்த வாய் மாதிரி. மற்ற நிறமெல்லாம் எங்கே?

வீட்டுக்கு வந்து:
குண்டு பல்பு - விடாமல் வருகிறது. ஊதா மங்கல்.
மெழுகுவர்த்தி - அதே.

வெளிச்சத்திலேயே இல்லாத நிறத்தைத் துணி எப்படிக் காட்டும்? காலருக்குச் சாயம் போட்டது வேறு பட்டறை, வேறு சாயம். ட்யூப் லைட் மறைத்ததை வெயில் காட்டிக் கொடுத்திருக்கிறது. அப்படித்தான் இருக்கணும். இத்தனை வருடம் இது பச்சை, இது நீலம் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். எந்த வெளிச்சத்தில் என்று யோசித்ததே இல்லை.

சகாயத்திடம் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டாள்.

13 வியாழன்
நல்ல வெயில். வாசலிலிருந்து திரும்பி வந்த பனியன் ஒன்றை என் மேசையில் விரித்து, காலரும் உடம்பும் ஒரே நிறமா என்று மேனேஜரிடம் கேட்டேன். முகத்தருகே பிடித்துப் பார்த்தார். "ஒண்ணுதானுங்க. இதுக்கென்ன?"

வாசலுக்குக் கூட்டிப் போனேன். பார்த்தார். உள்ளே போனார், வெளியே வந்தார். மூன்று நடை.

"ஏனுங்க அம்மிணி, நாளைக்கு டாக்டருகிட்ட நானும் வரோணுங்களா?"

சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது. காலரெல்லாம் மாற்றணும், இனி செக்கிங் ஜன்னலோரம்தான் என்றார். மேசையைத் தூக்க ஆள் வரட்டும் என்றார். நான் காத்திருக்கவில்லை.