என் கைக்குள் உன் கை

என் ஆசை அக்காவுக்கு,

போன இடத்தில் சுகமா என்று கேட்டால் சிரிப்பாய். கேட்கவில்லை. உன் மகள் மலர் இப்போது என் எதிரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறாள். நேற்றிலிருந்து வாந்தியும் பேதியுமாகப் பிள்ளை வாடிப்போனாள். உன் வீட்டுக்காரர் மாமாதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வில்லியனூரில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்துவிட்டார். காலையில் நர்ஸம்மா குளுக்கோஸ் பாட்டில் மாட்டிவிட்டுப் போனார்கள். அது எங்கள் கம்பெனி பாட்டில். ஒரே தடவையில் தயாரான சரக்குக்கு ஒரு லாட் என்று நம்பர் போடுவோம், லேபிளில் அந்த நம்பரைப் பார்த்தேன். அந்த லாட்டை நல்லது என்று எழுதி வெளியே அனுப்பியவள் நான்தான்.

உனக்கு ஏற்றிய பாட்டில் எந்தக் கம்பெனியுடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மலர் பிறந்த மறுநாள் உனக்கும் இப்படித்தான் மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பல் கிட்டிக்கொண்டு உன் உடம்பு தூக்கிப் போட்டது. நான் பிடித்திருந்த உன் கை சில்லிட்டுக்கொண்டே போனது. எல்லாம் முடிந்த பிறகு யாரோ அந்தப் பாட்டிலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே நூல் மாதிரி ஏதோ மிதந்தது. அப்புறம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அக்கா. இன்னும் எரிகிறது.

அந்த எரிச்சலில்தான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சேர்ந்து, தரக் கட்டுப்பாட்டைப் பாடமாக எடுத்தேன். "பொம்பளப் புள்ள கணக்குப் படிச்சு இன்னா பண்ணப் போவுது" என்று ஊரில் கேட்டார்கள். நீ இருந்திருந்தால் அவர்களுக்குப் பதில் சொல்லியிருப்பாய். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செய்முறை வகுப்பில் ஒரு மரப்பெட்டி நிறைய வெள்ளை மணிகள், ஊடே கொஞ்சம் சிவப்பு மணிகள். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு சொத்தை. குழி வைத்த கரண்டியை உள்ளே விட்டு எடுத்து, அதில் எத்தனை சிவப்பு என்று பார்த்து, பெட்டியே எப்படி என்று மதிப்பிட வேண்டும். மற்றவர்கள் கரண்டியில் ஒன்றோ இரண்டோ சிவப்பு வந்தது. என் கரண்டியில் பார்த்தால் முக்கால்வாசி சிவப்பு. விரிவுரையாளர் பெட்டியை நன்றாகக் கலக்கிவிட்டு, "கண்ண மூடிக்கிட்டு எடும்மா" என்றார். மூடினேன். மணிகளுக்குள்ளே என் விரல்மேல் இன்னொரு விரல் சில்லென்று படிந்தது. மறுபடியும் சிவப்பாகவே வந்தது.

"எடுக்கிற கைக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. தெரிஞ்ச கை எடுத்தா அது சாம்பிளே இல்ல" என்றார் அவர். நான் ஏதோ தந்திரம் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

எனக்கு நம் ஊர் அம்மன் கோயில்தான் ஞாபகம் வந்தது. அம்மனிடம் உத்தரவு வாங்கப் பூ கேட்கும்போது சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்களே. உன்னை மட்டும் எடுக்க விடமாட்டார்கள். நீ நினைத்த பூதான் உன் கைக்கு வரும். "இந்தப் பொண்ணு வாணாம். இது கைக்குத் தெரியுது. சின்னதக் கூப்புடு" என்று பூசாரி என்னைத்தான் முன்னால் இழுப்பார். என் கை அன்று ஒன்றும் தெரியாத கை. உன் கை எனக்குள் எப்போது வந்தது? ஆஸ்பத்திரியில் நான் பிடித்திருந்தேனே, அப்போதா?

படித்து முடித்ததும் நம் பக்கமே புதிதாக வந்த குளுக்கோஸ் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. லாட்டில் எந்தப் பாட்டிலை எடுத்துச் சோதிப்பது என்பது நம் இஷ்டம் இல்லை. அதற்கென்று எண்களைக் கலைத்துப் போட்ட ஓர் அட்டவணை இருக்கிறது, அது சொல்கிறதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அடுக்குகளுக்கு நடுவே நடந்தால் ஏதோ ஒரு பாட்டிலின் கழுத்தருகே என் விரல் சில்லிடும். எடுத்துப் பார்த்தால் மூடி தளர்ந்திருக்கும், இல்லையென்றால் உள்ளே நூல் ஓடும். அந்த லாட்டே தேறாது என்று தள்ளிவிடுவேன். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது. அக்காளும் தங்கையுமாகச் சேர்ந்து பழி தீர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பேக்கிங் பகுதியில் பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"அந்தப் பொண்ணு கை அதோட கை இல்லடா. பாத்தாலே பயமா கீது."

"அது வூட்டுக்குப் போவட்டும். சரோஜா வந்ததும் இந்தச் சரக்க வெளிய தள்ளிக்கலாம்."

சரோஜா எனக்கு அடுத்த ஷிப்டில் தரம் பார்ப்பவள். ஒழுங்காக அட்டவணைப்படி எடுப்பாள். கொஞ்சம் சொத்தை உள்ள லாட்டில் அந்தச் சொத்தை அவள் கையில் சிக்காமலும் போகலாம், லாட் தப்பிவிடும். அந்த ஆபத்து எந்த முறையிலும் கொஞ்சம் இருக்கும் என்று எங்களுக்குப் பாடமே உண்டு, வாங்குபவர் இடர் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைக் கரும்பலகையில் பார்த்த அன்றைக்கு உன் முகம்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது என் கைக்குப் பயந்து சந்தேகப்பட்ட சரக்கையெல்லாம் ஒளித்துவைத்து, அந்த ஆபத்தின் வாயில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எத்தனை ஆஸ்பத்திரிக்குப் போயிற்றோ.

மறுநாள் அடுக்குகளுக்கு முன்னால் நின்று உன்னிடம் வாய்விட்டே சொன்னேன். "அக்கா, என் கைய வுடு. நீ சொத்தையக் காட்டுற. ஏன் சொத்தையாச்சுன்னு சொல்லமாட்டேங்குற." ஷிப்ட் மாற வந்து பக்கத்தில் நின்ற சரோஜா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து விரல் சில்லிட்ட பாட்டிலைத் தனியே எடுத்து வைத்தேனே தவிர, கணக்கில் சேர்க்கவில்லை. சரோஜாவையும் சேர்த்துக்கொண்டு, மூடி போடும் இயந்திரங்களின் வாயிலேயே நின்று, மணிக்கு ஒரு முறை அட்டவணைப்படி எடுத்து, எத்தனை சொத்தை என்று வரைபடத்தில் புள்ளி வைத்தோம். ஒரே ஓர் இயந்திரத்தின் புள்ளி மட்டும் மத்தியானத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனது. பிரித்துப் பார்த்தால், சூடு ஏற ஏற மூடியை இறுக்குகிற அதன் தலை தளர்கிறது. மூடி இறுகாத பாட்டிலுக்குள் காற்று புகுந்து, பூஞ்சை நூலாக ஓடி மருந்து கெட்டிருக்கிறது. அந்தப் பாகத்தை மாற்றிய பிறகு புள்ளிகள் அடங்கின. என் விரலும் அதன் பிறகு சில்லிடவே இல்லை. போகச் சொன்னது நானேதான், ஆனால் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

ஊர்ச் சேதி வேறு என்ன? கடைத்தெருவில் ஒரு வீட்டில் டி.வி. வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே அங்கேதான் கிடக்கிறது. மலர் முன்வரிசையில் உட்கார்ந்து, பின்னால் இருப்பவர்களை நகரச் சொல்லி அதட்டுகிறாளாம். வாய் அப்படியே நீ.

மாமாதான் பாவம். சற்று முன் என்னிடம் வந்து நின்றார். "உன் கையப் பத்தி கம்பெனியே பேசுதாமே. ஒரு தபா அந்த பாட்டிலத் தொட்டுப் பாரும்மா" என்றார்.

"தொட்டா ஒண்ணும் தெரியாது மாமா. மாட்டுறதுக்கு முன்னாடியே வெளிச்சத்துல பாத்துட்டேன். மூடி, சீல் எல்லாம் பாத்துட்டேன். நல்லா இருக்குது."

"உங்க அக்காளுக்கும் நல்லா இருக்குதுன்னுதான் மாட்டுனாங்க. இது அவ பொண்ணு. கம்பெனிக்காரி மாதிரி பேசாத."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு மட்டும் கை துடிக்கவில்லையா? ஆனால் நீயே சொல். தொட்டு, விரல் சில்லிட்டால் பிடுங்கி எறிந்துவிடலாம். சில்லிடாவிட்டால்? பாட்டில் நல்லது என்றா, நீ என்னை விட்டுப் போய்விட்டாய் என்றா, எதை எடுத்துக்கொள்வது? எதையும் சொல்லாத கையை நம்பி நான் எப்படி நிம்மதியாக இருப்பேன்? அதனால்தான் கைக்கு வேலை கொடுக்க இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பாட்டில் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. உனக்கு இதற்குள் நடுக்கம் வந்துவிட்டிருந்தது.

அக்கா, இந்த வரியை எழுதும் முன் ஒன்று நடந்தது. மலர் கண்ணைத் திறக்காமலே முனகினாள். "சித்தி, கைய வுடு. சில்லுனு இருக்குது."

என் வலது கையில் பேனா. இடது கை தாளின் மேல். அவளுடைய ஊசி போடாத கை சுவர்ப் பக்கம் கிடக்கிறது. அந்தப் பக்கம் ஆள் நிற்க இடமே இல்லை. விரல்கள் எதையோ பற்றிக்கொண்டிருக்கிற மாதிரி மடங்கியிருக்கின்றன.

எழுந்து அவள் நெற்றியைத் தொட்டேன். இதமாக இருக்கிறது. உடம்பில் நடுக்கம் இல்லை. பாட்டில் நல்ல பாட்டில்தான். அப்படியானால் நீ பாட்டிலுக்காக வரவில்லை.

பிள்ளையைப் பார்க்க வந்திருந்தால் பார், அக்கா. பெற்றவள் நீ, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒரு நாள்கூட ஆசை தீர அவளைத் தூக்கினாயா? ஆனால் கூட்டிக்கொண்டு போகாதே. நான் இருக்கிற வரைக்கும் என் கைவழியாகப் போகிற ஒவ்வொரு லாட்டையும், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், நானே பார்த்து அனுப்புவேன். இன்னொரு வீட்டில் இன்னொரு தங்கச்சி இப்படிக் கடிதம் எழுத விடமாட்டேன். மலர் தலைமேல் சத்தியம். என் கையில் நீ இருக்க வேண்டாம். அவள் கையிலும் இருக்க வேண்டாம். விடு, அக்கா. தயவுசெய்து விடு.

மலரின் விரல் விரிகிற வரைக்கும் இந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்கமாட்டேன்,
உன் தங்கச்சி.